எங்கள் வேலையில் சேராதவை

நான் கொடுக்கும் கொட்டேஷன் மூன்று பக்கம். முதல் பக்கத்தில் பொருள், எண்ணிக்கை, விலை. இரண்டாவதில் பணம் எப்போது, எவ்வளவு. மூன்றாவது பக்கத்துக்கு 'எங்கள் வேலையில் சேராதவை' என்று தலைப்பு வைத்திருக்கிறேன். இன்றைய தேதிக்கு அதில் 17 வரி. 2004-ல் தனியாகக் கடை போட்டபோது இப்படி ஒரு பக்கமே கிடையாது. ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு சைட்டில் கைக்காசைக் கட்டி வாங்கியது. 11-ஆவது வரி குளவிக்கூடு பற்றியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கோயம்புத்தூரைச் சுற்றி அறுபது எழுபது கிலோமீட்டருக்குள் மில், ஆஸ்பத்திரி, லாட்ஜ், கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம் என்று எங்கே போன் வைக்க வேண்டுமோ, நெட்வொர்க் கேபிள் இழுக்க வேண்டுமோ, அதுதான் என் பிழைப்பு. இபிஏபிஎக்ஸ், அதாவது வெளி லைனையும் உள் போன்களையும் இணைக்கிற பெட்டி, என்று நாங்கள் எழுதுவதை வாங்குபவர் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இன்டர்காம்தான். கம்ப்யூட்டருக்குப் போகிற ஒயரும் இன்டர்காம் ஒயர், கூரையில் மாட்டும் வைஃபை டப்பாவும் சில இடங்களில் இன்டர்காம். கேலிக்காகச் சொல்லவில்லை, எஸ்டிமேட்டில் முதல் ஓட்டை விழுவது இந்த இடத்தில்தான். "பத்து ரூமுக்கு இன்டர்காம் போடணுமுங்க, ரேட் மட்டும் வாட்ஸப்புல போட்டு உடுங்க" என்று ஒருவர் கேட்டார். போட்டு விட்டேன். வேலை ஆரம்பித்த அன்று பார்த்தால் பத்து ரூம், ரிசப்ஷன், சமையல்கட்டு, வாட்ச்மேன் கூண்டு, அப்புறம் முதலாளி வீடு. வீடு ரோட்டுக்கு எதிர்ப்புறம்.

அதிலிருந்து போனில் ரேட் சொல்வதில்லை. நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.

பார்ப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்தவர் நான் 1998 முதல் வேலை பார்த்த முதலாளி. 2000 அக்டோபரில் டெலிபோன் டிபார்ட்மென்ட் பிஎஸ்என்எல் ஆன பிறகும் கொட்டேஷனில் 'பி அண்ட் டி லைன்' என்று பழைய தபால் தந்தி இலாகா பெயரிலேயே எழுதிக்கொண்டிருந்தவர். அதைப் பார்த்துப் பழகிய கையால் நானும் இன்னும் அப்படித்தான் எழுதுகிறேன். சைட்டுக்குள் நுழைந்ததும் அவர் கண் நேராகக் கூரைக்குப் போகும். ஒரு குச்சியால் ஃபால்ஸ் சீலிங் பலகையைத் தூக்கி, உள்ளே கை போக இடம் இருக்கிறதா, ஏசி டக்ட் எந்தப் பக்கம் போகிறது, கரண்ட் ஒயர் எந்தப் பக்கம் என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். பிளானைக் கையில் கொடுத்தால் மடித்து என்னிடமே திருப்பித் தருவார். "படத்துல கேபிள் படுத்துட்டே போகும்டா. கட்டடத்துல அது ஏறி எறங்கும்" என்பார்.

இந்த ஏறி இறங்குகிற கணக்கை ஒரு தடவை போட்டே காட்டுகிறேன். 64 பாயிண்ட், அதாவது கேபிள் போய் முடிகிற 64 இடம், உள்ள ஒரு ஆபீஸ். கேபிள் எல்லாம் வந்து சேரும் அலமாரிக்கு ரேக் என்று பெயர். ரேக்குக்கு மிக அருகில் இருக்கிற பாயிண்ட், கூரைக்கு ஏறி மேஜைக்கு இறங்குவதையும் சேர்த்து 18 மீட்டர். மிகத் தொலைவில் இருப்பது 70 மீட்டர். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 44. வளைவு நெளிவுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 48.4. ரேக்குக்குள் சுற்றி வைக்க 3 மீட்டர், மேஜைப் பெட்டிக்குள் விட அரை மீட்டர். ஆக ஒரு பாயிண்ட்டுக்கு சராசரி 52 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கேட் 6 கேபிள் ஒரு பெட்டி 305 மீட்டர். புதிதாகத் தொழிலுக்கு வந்த பையனிடம் கொடுத்தால் 64-ஐ 52-ஆல் பெருக்கி, 305-ஆல் வகுத்து, 11 பெட்டி என்பான். கால்குலேட்டரும் அதைத்தான் சொல்லும். ஆனால் ஒரு பெட்டியில் 52 மீட்டர் ரன், அதாவது ஒட்டில்லாத ஒரே இழுப்பு, முழுசாக ஐந்துதான் வரும். மீதி 45 மீட்டர் அந்த ரன்னுக்குப் பற்றாது, நடுவில் ஒட்டுப்போடவும் கூடாது. 64-ஐ ஐந்தால் வகுத்தால் 13 பெட்டி. மிச்சத் துண்டுகளைப் பக்கத்துப் பாயிண்ட்டுகளுக்குப் போடலாமே என்பீர்கள். போடலாம்தான். அதற்குத் துண்டு துண்டாக நீளம் எழுதி வைத்துக்கொண்டு இழுக்கிற டெக்னீஷியன் வேண்டும். என்னிடம் அப்படி ஒருவன் இருந்தான், துபாய் போய்விட்டான். நான் 13 என்று எழுதுகிறேன்.

இதில் இன்னொரு வேலி இருக்கிறது. ரேக்கிலிருந்து சுவர்ப் பெட்டி வரை 90 மீட்டர், இரு முனையிலும் செருகும் சின்ன ஒயர்களான பேட்ச் கார்டுகளுக்கு 10 மீட்டர், ஆக மொத்தம் 100. செம்பு நெட்வொர்க் கேபிளுக்கு அதுதான் எல்லை. ஆபீஸ் கட்டடத்தில் இது பிரச்சினையில்லை. மில்லில் ஒரு ஷெட்டைத் தாண்டி இன்னொரு ஷெட்டுக்குப் போனாலே எகிறிவிடும். ஒரே ஒரு பாயிண்ட் 104 மீட்டரில் போய் விழும். அந்த ஒன்றுக்காக அங்கே ஒரு சின்ன 6யு ரேக், ஸ்விட்ச், கண்ணாடி இழைக் கேபிளான ஃபைபர், இரு முனையிலும் அந்த ஃபைபரை முடிக்கும் எல்ஐயு பெட்டி, ஒரு சின்ன யுபிஎஸ், கரண்ட் பாயிண்ட் எல்லாம் வேண்டும். கொட்டேஷனில் அந்த வரிகளைப் பார்த்ததும், "எதுக்குங்க ரெண்டாவது பெட்டி? போன தடவ வந்தவர் ஒண்ணு போதும்னாரே" என்பார்கள். போன தடவை வந்தவர் டேப் பிடித்திருக்க மாட்டார்.

மில் என்றதும் எனக்கு 2011 ஞாபகம் வரும். அவிநாசி பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில். ப்ளோ ரூம், கார்டிங், ஸ்பின்னிங், கோன் வைண்டிங், ஆபீஸ், கேட் என்று 38 எக்ஸ்டென்ஷன். பகலில் போய்ப் பார்த்தேன், அளந்தேன், மீட்டரில் ஒரு தப்பு கிடையாது. மொத்தம் 2,14,000 ரூபாய்க்குக் கொடுத்தேன், அதில் லேபர் 32,000. நாலு பேர், ஆறு நாள் என்று கணக்கு.

முதல் நாள் பையன்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். அரை மணி நேரத்தில் ஒருவன் திரும்பி வந்தான், தலை முழுக்கப் பஞ்சு. "அண்ணா, கேபிள் போற எடம் இருவது அடி மேல இருக்குது. நம்ம ஏணி பன்னெண்டு அடி. கீழ மெஷின் ஓடிட்டே இருக்குது, ஏணிய எங்க ஊனறது?" ஸ்பின்னிங் மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷன், டீ வாங்கிக் கொடுத்தார். "மெஷின் நிக்காதுங்களே. மூணு ஷிப்ட்டும் ஓடுது. ஆயுத பூஜைக்கு ஒரு நாள் நிறுத்துவோம், தீபாவளிக்கு நாலு நாள் லீவு. அப்ப வந்து பண்ணிக்குங்க." தீபாவளிக்கு மில் ஆட்களுக்கு லீவு என்றால் என் ஆட்களும் மனுஷர்கள்தானே. திண்டுக்கல் பக்கத்துப் பையன்கள் மூன்று பேரும் ஊருக்குப் போய்விட்டார்கள். ரெட்டைக் கூலிக்கு வெளியாட்கள் பிடித்து, சாரத்துக்கு வாடகை கொடுத்து, தீபாவளி அன்று காலை பத்து மணிக்கு நானே சாரத்தின் மேல் நின்று கேபிளை மூடும் கேசிங் அடித்தேன். வீட்டில் அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள். லேபர் 71,000-ல் போய் நின்றது. சாரம் தனியாக 9,500. என் கொட்டேஷனில் 'மெஷின் ஓடும்போது வேலை செய்ய முடியாது' என்று ஒரு வார்த்தை இல்லை. மேனேஜர் பொய் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. கேபிளை அளந்தேனே ஒழிய, வேலை செய்ய எத்தனை மணி நேரம் விடுவார்கள் என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

மூன்றாம் பக்கம் பிறந்தது அப்போதுதான். 1: பன்னிரண்டு அடிக்கு மேல் சாரம் வாடிக்கையாளர் பொறுப்பு. 2: இரவு, விடுமுறை நாள் வேலைக்குத் தனிக் கூலி. 3: எங்கள் ஆட்கள் வந்தபின் இடம் தயாராக இல்லாமல் காத்திருந்தால் நாள் ஒன்றுக்கு இவ்வளவு.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. இன்டர்காம் பெட்டிக்கான எர்த் குழி எங்கள் வேலை இல்லை. இடி மின்னல் சேதம் வாரண்டியில் சேராது. இந்த இடி விவகாரம் பெரிது. ஐப்பசி மழையில் கேட் ரூமுக்குப் போன செம்பு ஒயர் வழியாக ஒரே அடியில் இன்டர்காம் பெட்டிக்குள் எட்டு எக்ஸ்டென்ஷன் உள்ள கார்டு கருகிப்போனது. "போன மாசந்தானுங்க போட்டீங்க" என்றார்கள். கம்பெனிக்கு அனுப்பினால் கருகின கார்டைப் பார்த்ததுமே வாரண்டி இல்லை என்றுவிட்டார்கள். இப்போது கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் பழைய போன் ஒயர் என்றால் இரு முனையிலும் மின்னல் தாங்கி மாட்டிய குரோன் மாட்யூல் என்ற ஒயர் இணைக்கும் கட்டை, புதிதாக இழுப்பதென்றால் ஃபைபர். விலை கூடுகிறது என்று அதை எடுத்துவிடச் சொன்னால், எடுத்துவிட்டு அதையும் ஒரு வரியாக எழுதி அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்கிறேன்.

அப்புறம் வாஸ்து. சிரிக்காதீர்கள், அது 6-ஆவது வரி. கேபிள் இழுத்து, சுவரைப் பூசி, பெயின்ட்டும் அடித்த பிறகு ஒருவர் வந்து எம்டி கிழக்கே பார்த்து உட்கார வேண்டும் என்பார். மேஜை திரும்பும். மேஜையோடு போன், கம்ப்யூட்டர், டிவி பாயிண்ட் எல்லாம் எதிர்ச் சுவருக்குப் போக வேண்டும். அந்த வரியில் 'வாஸ்து' என்ற சொல் கிடையாது, 'ஒப்புதலுக்குப் பின் பாயிண்ட் இடமாற்றம் தனிக் கட்டணம்' என்றிருக்கும். படிக்கிறவர்களுக்குப் புரியும்.

பொருள் விலையில் நான் பட்ட அடி ஒன்றிரண்டுதான், ஆனால் பெரிய அடி. 2020 செப்டம்பரில் ஒரு கட்டடத்துக்கு ரேட் கொடுத்தேன். கொரோனாவால் கட்டட வேலை இழுத்தது, ஆர்டர் வந்தது 2021 மே மாதம். நடுவில் செம்பு எங்கேயோ போய்விட்டது. லண்டன் சந்தையில் 2020 மார்ச்சில் டன் 5,000 டாலருக்குக் கீழே கிடந்தது, 2021 மேயில் 10,000-ஐத் தாண்டியது. கேபிள் கம்பெனிக்காரர்கள் அடிக்கடி புது விலைப் பட்டியல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் கொட்டேஷனில் செல்லுபடியாகும் நாள் என்று எதுவும் எழுதவில்லை. "நீங்க கொடுத்த ரேட்டுதானுங்களே" என்று கட்டடக்காரர் பேப்பரைக் காட்டினார். என் கையெழுத்து, என் சீல். செய்துகொடுத்தேன். இப்போது 15 நாள்தான். யாராவது 'மூணு மாசம் போட்டுக் குடுங்க, பேங்க் லோனுக்கு வேணும்' என்றால், போட்டுக் கொடுத்து, அடியில் 'கேபிள் விலை ஆர்டர் தேதியில் உள்ளபடி' என்று எழுதிவிடுகிறேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது 'வரி உட்பட' என்று ரவுண்டாகக் கொடுத்திருந்தவர்கள் பட்ட பாடு வேறு கதை. நான் அதில் தப்பித்தேன், வரியைத் தனி வரியாக எழுதுகிற பழக்கம் முதலாளி கொடுத்தது.

விலையை எப்படிப் பிரித்து எழுதுவது என்பதில் தொழிலில் இருப்பவர்களுக்குள் ஒரு முடிவில்லாத சண்டை உண்டு. ஒவ்வொரு பொருளாக எழுதினால், உங்கள் முன்னாலேயே போனை எடுத்து ஆன்லைனில் ஸ்விட்ச் விலை பார்ப்பார்கள். முந்நூறு ரூபாய் குறைவாக இருந்தால் போதும், மொத்தக் கொட்டேஷனும் சந்தேகத்துக்கு ஆளாகிவிடும். மொத்தமாக ஒரே தொகை எழுதினால் "என்னென்ன வருதுன்னே தெரியலையே" என்பார்கள். நான் பாயிண்ட் கணக்குக்காரன். கேபிள், பைப், சுவர்ப் பெட்டி, முகப்பு, கூலி, டெஸ்டிங் எல்லாம் சேர்த்து ஒரு பாயிண்ட்டுக்கு இவ்வளவு. ரேக், ஸ்விட்ச், இன்டர்காம் பெட்டி தனி. இதில் ஒரு சௌகரியம், வேலை நடக்கும்போது "அப்படியே இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு" என்று சேர்ந்துகொண்டே போகுமே, அதற்கு ரேட் ஏற்கெனவே பேப்பரில் இருக்கிறது.

சில பேர் வேறு வழியில் வருவார்கள். "பொருளு நாங்க வாங்கிக்கறோம், லேபர் மட்டும் சொல்லுங்க." ஒரு பள்ளிக்கூடத்தில் அப்படித்தான். கேபிள் பெட்டியைத் தூக்கும்போதே லேசாக இருந்தது. ஒரு ஒயரை உரித்து பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி மாதிரி பளபளப்பு. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. பஞ்சிங் டூலால் அடித்தால் நாலில் ஒன்று முறிந்தது. அதன் வழியாகக் கேமராவுக்குக் கரண்டும் அனுப்ப வேண்டும், அலுமினியத்தில் மின் இழப்பு அதிகம், தூரத்துக் கேமரா ராத்திரியில் லைட் எரிய ஆரம்பித்ததும் அணைந்து அணைந்து வந்தது. அதற்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். இப்போது லேபர் மட்டும் கேட்டால், பொருளின் குறைக்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற வரியோடு கூலியும் கூடுதலாகத்தான் போடுவேன். பாதிப் பேர் ஓடிவிடுவார்கள், ஓடட்டும்.

கரண்ட் அனுப்புவது என்றதும், நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டும் அனுப்பும் பிஓஇ ஸ்விட்ச். 24 போர்ட் ஸ்விட்ச் என்று மட்டும் எழுதினால் போதாது. ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வீதம் 24 போர்ட்டுக்கு 370 வாட் வேண்டும். விலை குறைவான மாடலில் மொத்தமே அதில் பாதிதான் இருக்கும். ஐபி போன் ஐந்தாறு வாட்டில் ஓடிவிடும், அதனால் போனுக்கு மட்டும் என்றால் பாதி போதும். அதே ஸ்விட்ச்சில் அடுத்த வருடம் தலையைத் திருப்பிச் சுழலும் கேமராவைக் கொண்டுவந்து மாட்டுவார்கள், மற்றவை அணையும். இந்த இரண்டு ஸ்விட்ச்சுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில்தான் என்னைவிடக் குறைவாகக் கொடுத்தவர் குறைத்திருப்பார். இதைப் புரியவைக்க எனக்கு இதுவரை நல்ல வழி கிடைக்கவில்லை. போர்ட் எத்தனை என்று எண்ணத் தெரிகிறது, வாட்டை யாரும் எண்ணுவதில்லை.

'ஒரு வருடம் இலவச சர்வீஸ்' என்ற நாலு வார்த்தை கொடுத்த தொல்லை தனி. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு அடிக்க முன்னால் 0 போட வேண்டும் என்று வந்ததே, அன்று காலை எட்டரைக்கு ஆரம்பித்தது போன். "மொபைலுக்கு கால் போக மாட்டேங்குது, பெட்டி போயிருச்சுங்களா?" பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏற்கெனவே வெளி லைன் எடுக்க ஒரு 0 அடிப்பவர்கள், இப்போது இன்னொரு 0 அடிக்க வேண்டும். சொன்னால் ரிசப்ஷனில் இருக்கிற அம்மா புரிந்துகொண்டுவிடுவார். ஆனால் முதலாளிக்கு ஸ்பீட் டயலில் 200 நம்பர், அத்தனையும் மொபைல். பெட்டி தானாகவே 0 சேர்த்துக்கொள்கிற மாதிரி ப்ரோகிராம் மாற்ற வேண்டும். பொங்கல் லீவில் ஊருக்குப் போன பையன்களைக் கூப்பிட முடியாமல், நானும் லேப்டாப்புமாக ஒரு வாரம் 40 சைட் போனேன். முக்கால்வாசிப் பேர் 'இலவச சர்வீஸ்' என்று பழைய பேப்பரைக் காட்டினார்கள், அதில் பலருக்கு அந்த ஒரு வருடம் எப்போதோ முடிந்திருந்தது. இருந்தாலும் காசு கேட்க நாக்கு வரவில்லை. அரசு விதி மாற்றத்தால் வரும் ப்ரோகிராமிங் தனிக் கட்டணம் என்பது 14-ஆவது வரி.

பணம் வருவதைப் பற்றி அதிகம் எழுத ஆசையில்லை. ஆர்டரோடு 60, பொருள் இறங்கியதும் 30, வேலை முடிந்ததும் 10 சதவீதம் என்று எழுதுகிறேன். அந்தக் கடைசி 10 பெரும்பாலும் ஆடிக்கு அடுத்து ஆவணி, ஆவணிக்கு அடுத்து புரட்டாசி என்று போகும். 2024 ஏப்ரலிலிருந்து, சிறு தொழில் பதிவு உள்ளவர்களுக்கு 45 நாளுக்குள் பணம் தராமல் வருடக் கணக்கை முடித்தால், அந்தச் செலவை அந்த வருடம் வருமான வரியில் கழிக்க முடியாது என்றொரு பிரிவு வந்திருக்கிறது. சிறு தொழில் பதிவான என் உத்யம் நம்பரைக் கொட்டேஷன் தலையிலேயே அச்சடித்துவிட்டேன். மார்ச் கடைசி வாரத்தில் ஆடிட்டர்கள் எனக்குப் போன் செய்து "உங்க பேலன்ஸ் எவ்வளவுங்க" என்று கேட்டபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே.

டெண்டர் பக்கம் நான் போவதில்லை. ரெண்டு தடவை போனேன். எல்1, அதாவது எல்லோரையும்விடக் குறைந்த ரேட் போட்டவர், என்று ஒருவர் வருவார், அவர் போட்ட ரேட்டில் எனக்குக் கேபிள்கூட வராது.

சரி, குளவி. 2016-ல் ஒரு பழைய பங்களாவை லாட்ஜாக மாற்றினார்கள். மொட்டை மாடிப் படிக்கட்டு அடியில் ஒயர்களைப் பிரித்துவிடும் பழைய டெலிபோன் டிபி பெட்டி, அதிலிருந்துதான் ஒயர் எடுக்க வேண்டும். என் ஹெல்பர் மூடியைத் திறந்தான். உள்ளே தலை அளவுக்குக் கூடு. முகம், கழுத்து, கை என்று ஒன்பது கொட்டு. ரெண்டு நாள் ஆஸ்பத்திரி, அந்தச் செலவும் என்னுடையது, பையனின் அம்மாவுக்கு முன்னால் போய் நின்றதும் நான்தான்.

போன வாரம் பொள்ளாச்சி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்காரரிடம் கொட்டேஷன் கொடுத்தேன். வயதானவர். முதல் இரண்டு பக்கத்தையும் புரட்டிவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மூன்றாம் பக்கத்தை வரி வரியாகப் படித்தார். 11-ல் நின்றார்.

"ஏனுங் தம்பி, தேனீ, குளவிக் கூடு இருந்தா நாங்க எடுத்துக் குடுக்கோணுமா?"

"ஆமாங்கய்யா."

"எல்லா எடத்துலயுமா இருக்குது?"

"இல்லீங்க. பாத்துட்டுச் சொன்னா நல்லதுங்க."

பேப்பரை மடித்து மேஜையில் வைத்தார். வாசல் பக்கம் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார். "டேய் மாரி, அந்த மேடைக்குப் பின்னாடி இருக்கற போன் பொட்டியப் போயி தூரமா நின்னு பாருடா. தொடாத."